நகரத்தின் மணத்தை ஆராய்வோரும் வடிவமைப்போரும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புவியியலாளர் டக்ளஸ் போர்ட்டியஸ் 1985இல் 'ஸ்மெல்ஸ்கேப்' என்ற கருத்தை முன்வைத்த பின்னரே, ஓரிடத்தின் மணச்சூழலை அதன் கட்டடங்களையும் தெருக்களையும் போல ஆராயலாம் என்ற எண்ணம் வலுப்பெற்றது. இங்கிலாந்தின் டான்காஸ்டர் நகரில் ஆய்வாளர் விக்டோரியா ஹென்ஷாவும், எடின்பரோ, ஆம்ஸ்டர்டாம் முதலிய நகரங்களில் மணவரைபடங்கள் வரைந்த வடிவமைப்பாளர் கேட் மெக்லீனும் கையாண்ட முக்கிய வழிமுறை 'வாசனை நடை': ஒரு குழுவாக நடந்து, முகர்ந்ததை அந்தந்த இடத்திலேயே குறித்துக்கொள்வது. பெரிய கருவிகள் எதுவும் தேவைப்படாத முறை என்பதால் யாரும் தொடங்கிவிடலாம். பிழைகள் நுழைவதும் அதனால்தான்.

ஒரே ஒரு நாள் நடந்துவிட்டு, 'இந்தத் தெருவின் மணம் இதுதான்' என்று எழுதிவிடுவதே எல்லாவற்றிலும் பெரிய தவறு. கட்டடம் நின்ற இடத்தில் நிற்கும். மணமோ காற்றோடு நகர்வது. கோடையில் சென்னையில் முற்பகலில் நிலப்பக்கமிருந்து வீசும் காற்று, நண்பகலையொட்டிக் கடற்காற்றாகத் திரும்பும்போது, காலையில் கால்வாயின் நாற்றம் வந்த அதே முனையில் உப்புக்காற்று மட்டுமே இருக்கக்கூடும். மீன் சந்தையின் விடியற்காலையும் கழுவி முடித்த மாலையும் ஒன்றல்ல. முதல் மழைக்குப் பிறகு எழும் மண்வாசனை, மண்ணிலுள்ள நுண்ணுயிரிகள் உருவாக்கும் ஜியோஸ்மின் என்னும் சேர்மத்தால் சிறிது நேரம் மற்ற மணங்களைப் பின்னுக்குத் தள்ளிவிடும். ஆகவே நேரம், காற்றின் திசை, வெப்பம், மழை பெய்ததா என்பவை இல்லாத குறிப்பைச் சான்றாகக் கொள்ள முடியாது. மெக்லீன் தம் எடின்பரோ மணவரைபடத்தின் தலைப்பிலேயே அது 2011இன் பலத்த காற்று வீசிய ஒரு நாளுக்கு உரியது என்று சொல்லிவிட்டது நல்ல முன்மாதிரி.

அடுத்தது, மூக்கைப் பற்றியது. ஒரு மணத்தில் தொடர்ந்து இருப்பவருக்கு விரைவிலேயே அது தெரியாமல் போய்விடும். புதிதாக வருபவருக்கோ அதுவே முதலில் தெரியும். எனவே உள்ளூர்வாசிகளை மட்டுமோ வெளியூர்க்காரர்களை மட்டுமோ வைத்து ஆய்வை முடிக்கக் கூடாது. 'நன்றாக இருக்கிறதா, இல்லையா' என்று கேட்டுத் தொடங்குவதும் வீண். என்ன மணம், எவ்வளவு கடுமை, எங்கிருந்து வருகிறது, இங்கே அதை எதிர்பார்த்தீர்களா என்று கேட்ட பிறகே விருப்பு வெறுப்புக்கு வர வேண்டும்.

எண்களை அளவுக்கு மீறி நம்புவோரும் உண்டு. ஐரோப்பியத் தரமுறையில் 'மண அலகு' என்பது, மாதிரிக் காற்றை எத்தனை மடங்கு நீர்க்கச் செய்தால் சோதனைக் குழுவில் பாதிப்பேருக்கு மட்டுமே அது தெரிகிறது என்பதைக் கொண்டு கணக்கிடப்படுவது. மல்லிகைக்கும் சாக்கடைக்கும் அது ஒரே எண்ணைத் தரலாம். மூக்கைப் பாதுகாப்புக் கருவியாக எண்ணுவது இன்னும் ஆபத்தானது: கார்பன் மோனாக்சைடுக்கு மணமே இல்லை, அழுகிய முட்டை நாற்றமுடைய ஹைட்ரஜன் சல்பைடு, செறிவு மிகும்போது முகரும் உணர்வையே மழுங்கடித்துவிடும்.

வடிவமைப்பில் தவறுவோர் பெரும்பாலும் நறுமணத்தைத் தெளிக்கத்தான் முதலில் முனைகிறார்கள். 2001இல் லண்டன் சுரங்க ரயிலின் சில நிலையங்களில் 'மேடலைன்' என்ற நறுமணம் பரப்பப்பட்டு, பயணிகளுக்கு உடல்நலக் குறைவு ஏற்படுவதாகப் புகார் வந்ததால் உடனே நிறுத்தப்பட்டது. 2006இல் சான் பிரான்சிஸ்கோ பேருந்து நிறுத்தங்களில் பிஸ்கட் மணம் வீசிய பால் விளம்பரங்களும் எதிர்ப்பால் அகற்றப்பட்டன. பிடிக்காத விளம்பரப் படத்திலிருந்து கண்ணைத் திருப்பிக்கொள்ளலாம். மூச்சை நிறுத்த முடியாது. ஆஸ்துமா உள்ளவருக்கு இது வெறும் ரசனைச் சிக்கலும் அல்ல. நாற்றத்தின் மூலத்தை அகற்றுவது, காற்று ஓடும் வழியைத் திறந்துவிடுவது, பிறகு மரம் என்ற வரிசையே சரி. மரத்திலும் எச்சரிக்கை வேண்டும்: டெல்லிச் சாலைகளில் வரிசையாக நடப்பட்ட ஏழிலைப்பாலை, ஐப்பசியையொட்டிப் பூக்கும்போது அதன் இரவு மணம் சிலருக்கு இன்பம், சிலருக்குத் தலைவலி.

எதிர்முனையில், எல்லா மணத்தையும் துடைத்தெறிய நினைப்பதும் தவறே. 1971இலேயே துர்நாற்றத் தடுப்புச் சட்டம் இயற்றிய ஜப்பான், 2001இல் காக்கத்தக்க நூறு மணக்காட்சிகளைத் தேர்ந்தெடுத்தபோது பூந்தோட்டங்களோடு நிற்காமல், ஒசாகாவின் சுருஹாஷி ரயில் நிலையத்தைச் சுற்றியுள்ள இறைச்சி வாட்டும் கடைத்தெருவையும் பட்டியலில் சேர்த்தது. நம் ஊர்களில் மீன் விற்பவரும் தோல் பதனிடுபவரும் 'நாற்றம்' என்ற பெயரால் எளிதில் அப்புறப்படுத்தப்படுகிறார்கள் என்பதால், யார் புகார் செய்கிறார், யாருடைய பிழைப்பு போகிறது என்ற இரண்டையும் ஆய்வாளர் சேர்த்தே எழுத வேண்டும். சென்னையின் கொடுங்கையூர்க் குப்பைமேட்டின் அருகில் வாழ்வோரின் நிலை வேறு: அவர்கள் முகர்வது பெரும்பாலும் மற்றவர்கள் வீசியெறிந்தது. அந்தப் பகுதிக்கு மணவரைபடம் வரைபவர் நாற்றம் பரவும் எல்லையோடு நிறுத்திக்கொள்ளாமல், அங்கே வரும் குப்பை எந்தெந்த மாநகராட்சி மண்டலங்களிலிருந்து வருகிறது என்பதையும் அதே தாளில் குறிக்க வேண்டும்.