பத்தாயிரம் மிச்சம் பிடிக்கப் போய்: புது கன்சோல் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தீபாவளி போனஸ் கைக்கு வந்ததும் எனக்கு வரும் வாட்ஸ்அப் செய்திகளில் பாதி ஒரே கேள்விதான்: "அண்ணா, பிஎஸ்5 எடுக்கலாமா, எக்ஸ்பாக்ஸ் எடுக்கலாமா?" இரண்டும் டிவியில் மாட்டி கேம் ஆடும் கன்சோல்கள், பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5) சோனியுடையது, எக்ஸ்பாக்ஸ் மைக்ரோசாஃப்ட்டுடையது. எதை எடுப்பது என்பதற்குப் பதில் சுலபம். உங்கள் கூட்டாளிகள் எதில் விளையாடுகிறார்களோ அதை எடுங்கள். சிக்கல் அதற்கு அப்புறம்தான் ஆரம்பிக்கிறது. எங்கள் செட் ஆட்கள் ஒரு காலத்தில் காசைக் கொட்டிக் கற்றுக்கொண்ட அதே விஷயங்களில் புதிதாக வருகிறவர்களும் வரிசையாகப் போய் மாட்டுகிறார்கள். காற்றோட்டம் இருக்கிற இடத்தில் வையுங்கள், பில்லைத் தொலைக்காதீர்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதை நான் எழுதப்போவதில்லை.

டிஸ்க் டிரைவ் இல்லாத மாடலை வாங்குவது

இதை நினைத்தால் இன்னமும் எரிச்சல் வருகிறது, அதனால் கொஞ்சம் நீளமாகவே போகும்.

2021 பிப்ரவரியில் பிஎஸ்5 இந்தியாவுக்கு வந்தபோது டிஸ்க் மாடல் 49,990 ரூபாய், டிரைவ் இல்லாத டிஜிட்டல் எடிஷன் 39,990. 2024 ஏப்ரலில் ஸ்லிம் என்ற ஒல்லி மாடல் வந்தபோது 54,990, 44,990. இரண்டு தடவையும் சொல்லிவைத்த மாதிரி பத்தாயிரம் வித்தியாசம். உள்ளே இருக்கும் சிப் ஒன்றுதான், வேகமும் ஒன்றுதான், கேமை நெட்டில் இறக்கிக்கொள்ளலாம், அப்புறம் எதற்கு டிஸ்க் என்று கடையில் நிற்கும்போது யாருக்கும் தோன்றும். அந்தப் பத்தாயிரத்தை மட்டும் கழித்துப் பார்க்கிறார்களே தவிர, அடுத்த நாலைந்து வருஷம் கேம் வாங்கப்போகும் காசை யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை.

சோனியின் பெரிய கேம் ஒன்று வெளியாகும்போது விலை 4,999 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். டிஸ்க்காக வாங்கி, ஒரே மூச்சில் முடித்து, சூடு ஆறுவதற்குள் விற்றால், பேரம் பேசித் தேய்த்து மூவாயிரத்துக்குப் போனால்கூட அந்த கேம் உங்களுக்கு இரண்டாயிரத்துக்குள் முடிந்துவிட்டது. இப்படி நாலு கேம் விற்றால் 12,000. மிச்சம் பிடித்ததாக நினைத்த பத்தாயிரம் அங்கேயே போச்சு. செகண்ட் ஹேண்டில் வாங்கினால் இன்னும் குறையும், நண்பனிடம் இரவல் வாங்கினால் செலவே இல்லை. டவுன்லோடு செய்த கேமை விற்கவும் முடியாது, இரவல் கொடுக்கவும் முடியாது. 4,999 கொடுத்தீர்கள், முடித்தீர்கள், அவ்வளவுதான், அது உங்கள் கணக்கிலேயே கிடக்கும்.

"ஸ்டோர்லயும் சேல் போடுவாங்களே" என்று ஒருவர் கண்டிப்பாகச் சொல்வார். போடுவார்கள், நானும் வாங்குகிறேன். ஆனால் கன்சோலுக்குள் இருப்பது ஒரே ஒரு கடை, அவர்கள் வைத்ததுதான் விலை. டிஸ்க் என்றால் சென்னை ரிச்சி தெருவில் ஒரு விலை, ஆன்லைனில் ஒரு விலை, வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு விலை.

ஆபீசில் கூட வேலை பார்க்கும் தம்பி ஒருவன் முதல் தலைமுறை டிஜிட்டல் எடிஷனை இஎம்ஐயில் எடுத்தான். "ரெண்டும் ஒண்ணுதான் தம்பி, இது லேட்டஸ்ட்" என்று கடைக்காரர் தள்ளிவிட்டிருக்கிறார். காட் ஆஃப் வார் ராக்னராக் கேம் வந்த சமயம், நான் முடித்த கையோடு டிஸ்க்கை அவனிடம் கொடுத்து அனுப்பினேன். ராத்திரி ஒரு போட்டோ வருகிறது. இரண்டு வெள்ளைப் பலகைக்கு நடுவில் கறுப்பாக வழவழவென்று முன்பக்கம், அதில் ஒரு யுஎஸ்பி துளையை விரலால் காட்டி, "அண்ணா, டிஸ்க்கை எந்தப் பக்கம் செருகணும்?" என்ன பதில் சொல்வது? அந்த முதல் மாடலுக்கு டிரைவைத் தனியாக வாங்கி மாட்டவும் வழி கிடையாது. வீட்டில் அவனுடைய பழைய பிஎஸ்4 டிஸ்க்குகள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. டிஸ்க் மாடல் வாங்கியிருந்தால் அநேகமாக எல்லாமே ஓடியிருக்கும், சிலதற்கு பிஎஸ்5 பதிப்பு இலவசமாகவோ கொஞ்சம் காசுக்கோ கிடைத்திருக்கும். ஆனால் அந்த அப்கிரேடுக்கும் டிஸ்க்கை உள்ளே போட்டால்தான் கதவு திறக்கும். என் டிஸ்க்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அதே கேமை முழு விலைக்கு வாங்கினான் பையன்.

ஸ்லிம் வந்தபிறகு டிரைவைத் தனியாக மாட்டிக்கொள்ளலாம் என்பது உண்மை. அதிலும் கணக்கு இடிக்கும். 2023 நவம்பரில் அமெரிக்காவில் ஸ்லிம் டிஸ்க் மாடல் 499.99 டாலர், டிஜிட்டல் 449.99, தனி டிரைவ் 79.99. ஐம்பது மிச்சம் பிடித்துவிட்டு எண்பது கொடுக்கிற கதை. டிரைவை முதல்முறை மாட்டும்போது நெட் இணைப்பும் வேண்டும். 2024 நவம்பரில் 699.99 டாலருக்கு வந்த பிஎஸ்5 ப்ரோவில் டிரைவே கிடையாது, அவ்வளவு காசையும் கொடுத்துவிட்டு டிரைவைத் தேடி அலைந்தார்கள் பாவம். எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ்ஸிலும் டிரைவ் இல்லை, மாட்டவும் முடியாது.

ஃபோர்ட்நைட் மாதிரி இலவச கேமும் வருஷத்துக்கு ஒரு ஃபுட்பால் கேமும் மட்டும்தான் ஆடுவேன், மிச்சத்துக்குச் சந்தா இருக்கிறது என்பவர்கள் டிஜிட்டலையே எடுங்கள், சண்டையில்லை. கதை உள்ள கேம்களை முடித்துவிட்டு அடுத்ததுக்குத் தாவுகிறவர்கள் அந்தப் பத்தாயிரத்தைப் பார்க்காதீர்கள்.

டவுன்லோடு கேமுக்கு முன்பதிவு

சர்வரில் சரக்கு தீராது. எதற்கு முன்பதிவு?

சைபர்பங்க் 2077 கேம் நினைவிருக்கும். 2020 டிசம்பர் 10 வெளியீடு, பிஎஸ்4-ல் ஓடின லட்சணத்தைப் பார்த்து ஒரு வாரத்தில் சோனியே தன் ஸ்டோரிலிருந்து தூக்கியது, திரும்பி வந்தது 2021 ஜூனில். அதே கேம் இப்போது அருமையாக ஓடுகிறது, விலையும் குறைந்துவிட்டது. பொறுத்தவர்களுக்குத்தான் லாபம். ரீஃபண்டை நம்பி வாங்குகிறவர்கள் விதியைப் படியுங்கள். ஸ்டீம் என்ற கணினி கேம் கடையில் வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணம் திரும்பும். பிளேஸ்டேஷன் ஸ்டோரில் டவுன்லோடு தொடங்கிவிட்டாலே பொதுவாகப் பணம் வராது, கேமில் கோளாறு இருந்தால் ஒழிய. முன்பதிவு செய்த கேம், வெளியாகும் முன்பே நீங்கள் தூங்கும்போது தானாக இறங்கி உட்கார்ந்திருக்கும், அங்கேதான் பலர் மாட்டுகிறார்கள்.

பெட்டியில் போட்டிருக்கும் ஜிபியை நம்புவது

முதல் பிஎஸ்5-ல் 825 ஜிபி என்று இருக்கும், கேமுக்குக் கிடைப்பது 667. 512 ஜிபி சீரிஸ் எஸ்ஸில் கிடைப்பது 364. நூறு ஜிபியைத் தாண்டும் கேம்கள் சகஜமாகிவிட்ட காலத்தில் 364 என்றால் மூன்று கேம் போட்டதும் எதை அழிக்கலாம் என்று யோசிக்க வேண்டியதுதான்.

உடனே ஓடிப்போய் யுஎஸ்பி ஹார்டு டிஸ்க் வாங்காதீர்கள். அதில் பிஎஸ்5 கேமை வைக்கலாம், அதிலிருந்து ஆட முடியாது. பிஎஸ்4 கேம் என்றால் ஆடலாம். பிஎஸ்5-க்கு உள்ளே செருகும் எம்.2 எஸ்எஸ்டி என்ற சேமிப்புப் பட்டை வேண்டும், நாலாம் தலைமுறை (ஜென் 4) ஆக இருக்க வேண்டும், நொடிக்கு 5,500 எம்பி வேகம், சூட்டைத் தணிக்க ஹீட்சிங்க் கட்டாயம், ஹீட்சிங்கோடு சேர்த்துக் கனம் 11.25 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. கணினிக் கடையில் கிடைக்கும் சில ஹீட்சிங்குகள் கோபுரம் மாதிரி நிற்கும், மூடி மூடாது, அளந்து வாங்குங்கள்.

நின்டெண்டோவின் ஸ்விட்ச் 2 கன்சோலில் இன்னொரு வில்லங்கம். பழைய ஸ்விட்ச்சிலிருந்த மெமரி கார்டைப் பிடுங்கி இதில் போட்டால் பழைய போட்டோவும் வீடியோவும் மட்டும்தான் வரும். கேமைச் சேமிக்க மைக்ரோ எஸ்டி எக்ஸ்பிரஸ் என்ற வகை வேண்டும், விலையும் கூட. அட்டையில் எக்ஸ்பிரஸ் என்று அச்சாகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காசை நீட்டுங்கள். இன்னொன்று, ஸ்விட்ச் 2-வின் கேம்-கீ கார்டுகள் கடையில் பார்க்க, கேம் உள்ளேயே இருக்கும் கார்ட்ரிட்ஜ் மாதிரியே இருக்கும், உள்ளே கேம் இருக்காது, முழுசாக டவுன்லோடு செய்ய வேண்டும். பெட்டியின் முன்பக்கம் அடியில் அறிவிப்பு இருக்கும்.

120 எஃப்பிஎஸ் ஆசை

120 எஃப்பிஎஸ் என்றால் நொடிக்கு 120 படம். உங்கள் டிவி 60 ஹெர்ட்ஸ் என்றால் அது காட்டுவது நொடிக்கு 60தான். விடுங்கள். பெட்டியில் வரும் எச்டிஎம்ஐ கேபிளே போதும்.

விலை குறையும் என்று காத்திருப்பது

அது பிஎஸ்4 காலம். எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் அமெரிக்காவில் 2020-ல் 499.99 டாலர், 2025 அக்டோபரில் 649.99. பிஎஸ்5 நம் ஊரிலேயே 2022-ல் ஐயாயிரம் ஏறியது. முதல் சில மாதம் பொறுப்பது நல்லதுதான், முதல் லாட் கோளாறுகள் வெளியே வந்துவிடும். முன்பக்கம் சிவப்பு வளையம் எரிந்து எக்ஸ்பாக்ஸ் 360 செத்துப்போன கோளாறுக்காக 2007-ல் மைக்ரோசாஃப்ட் நூறு கோடி டாலருக்கு மேல் ஒதுக்க வேண்டிவந்தது. ஆனால் வருஷக்கணக்கில் காத்திருந்தால் பழைய விலையும் கைநழுவிப் போகும்.

வெளிநாட்டுச் சொந்தக்காரரிடம் சொல்லிவிடுவது

துபாய் மாமாவிடமோ சிங்கப்பூர் அக்காவிடமோ சொல்லி வாங்குவதில் பெரிய தப்பில்லை. மின்சாரப் பிரச்சினையும் வராது, பிஎஸ்5 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும். ஆனால் வாரண்டியை மறந்துவிடுங்கள். அங்கே வாங்கிய டிஸ்க் இங்கே ஓடும், அதற்கான டிஎல்சியை (கேமில் கூடுதலாகச் சேர்க்கும் பகுதிகளை) இந்தியக் கணக்கில் வாங்கினால் பெரும்பாலும் சேராது. பிளேஸ்டேஷன் கணக்கு தொடங்கும்போது போட்ட நாட்டைப் பிற்பாடு மாற்றவும் முடியாது.

ஜப்பானிலிருந்து யாராவது வந்தால் மட்டும் உஷார். அங்கே ஸ்விட்ச் 2 இரண்டு வகையாக விற்கிறது. 2025-ல் வந்தபோது 49,980 யென்னுக்கு ஒன்று, 69,980-க்கு ஒன்று. சல்லிசாக இருக்கிறதே என்று முதல் வகையை வாங்கி வந்தால், மெனு முழுக்க ஜப்பானிய மொழி, மாற்ற வழியில்லை, நாடு ஜப்பான் என்று பதிவான கணக்கை மட்டும்தான் ஏற்கும். தெரிந்தவர் ஒருவர் அதைப் பிரித்துவிட்டு, மொழியை மாற்றும் செட்டிங் எங்கே என்று எனக்கு ஸ்க்ரீன்ஷாட்டாக அனுப்பிக்கொண்டிருந்தார். மல்டி-லாங்குவேஜ் வகைதான் வேண்டும் என்று வாங்கப்போகிறவரிடம் எழுதியே அனுப்புங்கள்.