பிராசஸின் பெயரை விடுங்கள், அப்பன் யாரென்று கேளுங்கள்

"சும்மா இருக்கும்போதே ஃபேன் கத்துது அண்ணே, டாஸ்க் மேனேஜரைத் திறந்தா அடங்கிடுது." சர்வீஸ் கடையில் இதைக் கேட்டாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடும். டாஸ்க் மேனேஜர் ஓடுகிறதா என்று கவனித்து, ஓடினால் பதுங்கிக்கொள்ளும் கிரிப்டோ மைனர்கள் (நம் மெஷினைத் திருட்டுத்தனமாக உழைக்க வைத்து கிரிப்டோ காசு பார்க்கும் புரோகிராம்கள்) உண்டு. அதனால் மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும், பிராசஸ்களை (ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்களை) விவரமாகக் காட்டும் பிராசஸ் எக்ஸ்ப்ளோரரை இறக்கி, ஃபைல் பெயரை வேறு ஏதாவதாக மாற்றி, அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறப்பேன்.

அப்புறம் சம்பந்தம் பேசப் போகிறவர்கள் மாதிரி விசாரணைதான்: ஊர் எது, அதாவது எந்த ஃபோல்டர்? அப்பன் யார், அதாவது எந்த பிராசஸ் அதை ஓடவிட்டது? விண்டோஸின் பின்னணி வேலைகளான சர்வீஸ்களை ஓட்டும் எஸ்விசிஹோஸ்ட் (svchost) என்ற பெயரில் ஐம்பது அறுபது ஓடினாலும் பயப்படாதீர்கள். 2017-இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, 3.5 ஜிபிக்கு மேல் ராம் இருந்தால் பெரும்பாலான சர்வீஸ்கள் தனித்தனியாகத்தான் ஓடும். அசலுக்கு ஊர் விண்டோஸ் ஃபோல்டருக்குள் உள்ள சிஸ்டம்32, அப்பன் சர்வீசஸ் (services.exe) என்ற பிராசஸ். ஒரு மளிகைக் கடையின் டாலி மெஷினில் நான் பார்த்தது யூசர் ஃபோல்டரில் உள்ள ஆப்டேட்டாவுக்குள் உட்கார்ந்திருந்தது. பெயரிலும் 'ஓ' இருக்க வேண்டிய இடத்தில் பூஜ்ஜியம்! கண்ணாடி போடாமல் தெரியவே தெரியாது.

ஊர் மட்டும் சரியாக இருந்தால் போதாது. 2010-இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்ற கணினிப் புழு, லாகினைச் சரிபார்க்கும் விண்டோஸின் அசல் எல்சாஸ் (lsass) ஃபைலையே கூடுதலாக ஓடவிட்டு, அதன் உடம்புக்குள் தன் கோடை ஏற்றியது. ஆனால் எல்சாஸ் ஒன்றுதான் ஓட வேண்டும். விஸ்டாவிலிருந்து அதன் அப்பன் வின்இனிட் (wininit) என்ற பிராசஸ். கூடுதலாக வந்தவற்றுக்கோ சர்வீசஸ் அப்பனாக இருந்தது. மாட்டிக்கொடுத்தது அதுதான்.

ஆப்ஷன்ஸ் மெனுவில் சிக்னேச்சர் (தயாரித்தவரின் டிஜிட்டல் கையெழுத்து) சரிபார்ப்பதையும், பல ஆன்டிவைரஸ்களின் கருத்தைக் காட்டும் வைரஸ்டோட்டலையும் ஆன் செய்யுங்கள். கையெழுத்து இல்லாததெல்லாம் திருடன் இல்லை; பழைய பில்லிங் சாஃப்ட்வேருக்கும் இருக்காது.

சரி, கண்டுபிடித்தாயிற்று. உடனே கில் செய்யாதீர்கள். சில ஜோடியாக வரும். ஒன்றைக் கொன்றால் மற்றது எழுப்பிவிடும். இரண்டையும் முதலில் சஸ்பெண்ட் செய்து, அதாவது அசையவிடாமல் நிறுத்திவிட்டு, அப்புறம் கில் செய்யுங்கள். பிறகு, தானாகத் தொடங்குபவற்றையெல்லாம் பட்டியலிடும் மைக்ரோசாஃப்டின் ஆட்டோரன்ஸில் மைக்ரோசாஃப்ட் பதிவுகளை மறைத்து, மிச்சத்தைப் பாருங்கள். ஷெட்யூல்டு டாஸ்க்ஸ் பக்கத்தை மறக்க வேண்டாம், நம்மூர் மெஷின்களில் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

விண்டோஸுக்கே தெரியாமல் தன்னை மறைத்துக்கொள்ளும் ரூட்கிட் என்றால் இதெல்லாம் பலிக்காது. 2005-இல் சோனி பிஎம்ஜி இசை சிடிக்களோடு வந்தது, குறிப்பிட்ட எழுத்துகளில் தொடங்கும் ஃபைல், பிராசஸ் எல்லாவற்றையும் விண்டோஸின் கண்ணிலிருந்தே மறைத்தது. அந்த மாதிரிக்கு விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேன்தான் சரி. ரீஸ்டார்ட் ஆகி, வழக்கமான விண்டோஸ் எழும் முன்பே தேடும். அதன் பிறகும் திரும்பி வந்தால் டேட்டாவை மட்டும் எடுத்துக்கொண்டு ஃபார்மட் அடித்துவிடுங்கள். பேங்க் பாஸ்வேர்டுகளையும் மாற்றுங்கள், ஆனால் அந்த மெஷினில் உட்கார்ந்து அல்ல.