கிறிஸ்துமஸ் சால்வையும் தம்போலாவும்: சறுக்கும் இடங்கள்

ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் டிசம்பரில் நள்ளிரவுப் பூசைக்குப் போகிறவர்களுக்குச் சால்வை வெறும் அலங்காரம் இல்லை. அதனால் நவம்பரில் பலர் ஊசியும் நூல்கண்டுமாக உட்கார்ந்துவிடுகிறார்கள். கெட்டுப்போவது பெரும்பாலும் முதல் வரிசை போடுவதற்கு முன்பே.

முதலில் மாதிரித்துண்டு, அதாவது அளவு பார்க்க முன்கூட்டியே பின்னும் சின்னத் துண்டு. இதைப் பின்னிப் பார்க்கப் பலருக்குப் பொறுமை இருப்பதில்லை. 10 செ.மீ.க்கு 20 கண்ணி (ஊசியில் விழும் நூல் வளையம்) வர வேண்டிய இடத்தில் உங்கள் கைக்கு 22 வந்தால், 200 கண்ணி போட்ட சால்வை 100 செ.மீ.க்குப் பதில் 91 செ.மீ.தான் வரும். துண்டை ஒற்றை நிறத்தில் பின்னி அளப்பதும் வீண்தான். இரண்டு நிறம் சேர்ந்தால் கை தானாக இறுகும். பூ வேலையோடு, அதாவது இரண்டு நிற நூலில் போடும் வடிவத்தோடு பின்னி, நடுப்பகுதியை அளக்க வேண்டும்.

பூ வேலையில் உண்மையான வில்லன் பின்பக்கம். பயன்படுத்தாத நூல் பின்னால் ஓடும்போது அதை இழுத்துப் பிடித்தால் முன்பக்கம் சுருங்கிக் குமிழ் குமிழாக நிற்கும். நிறம் மாற்றும் முன் வலது ஊசியிலுள்ள கண்ணிகளை விரலால் கொஞ்சம் பரப்பிக்கொண்டால் போதும். ஐந்து கண்ணிக்கு மேல் ஓடும் நூலை நடுவில் ஒருமுறை மற்ற நூலோடு சுற்றிப் பிடியுங்கள். இல்லாவிட்டால் வளையலில் மாட்டும். ஸ்வெட்டருக்கு உட்பக்கம் என்று ஒன்று உண்டு, சால்வைக்கு இரண்டு பக்கமும் தெரியும். அதனால் பூ வேலையை இரு முனைகளில் மட்டும் வைத்து, நடுவில் வெறும் பட்டைகள் போடுவதே என் சிபாரிசு. ஓரத்தில் ஐந்தாறு கண்ணியை முன்பக்க வரிசையிலும் பின்பக்க வரிசையிலும் நேர்க்கண்ணியாகவே (knit) பின்னாவிட்டால் ஓரம் சுருண்டுகொள்ளும்.

சிவப்பும் வெள்ளையும் சேர்க்கிறீர்களா? சிவப்பு நூலை நனைத்து வெள்ளைத் துணியில் சுற்றி வைத்துப் பாருங்கள், சாயம் விடுகிறதா என்று தெரிந்துவிடும். ஒரே நிறத்தில் எல்லாக் கண்டும் ஒரே சாய எண்ணில் (ஒரே தடவையில் சாயமேற்றியதைக் காட்டும் லேபிள் எண்) இருக்கட்டும். அக்ரிலிக் என்றால் சூடான இஸ்திரிப் பெட்டியைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள், இழை உருகிவிடும்.

சரி, விளையாட்டு. தம்போலா என்பது ஒருவர் எண்களைக் கூப்பிட, மற்றவர்கள் தங்கள் சீட்டில் அடித்துக்கொண்டே போகும் ஆட்டம். சீட்டில் மூன்று வரிசை, வரிசைக்கு ஐந்து எண், மொத்தம் 15. எல்லாவற்றையும் முதலில் அடித்தவருக்கு ஃபுல் ஹவுஸ். சீட்டு எழுதச் சோம்பல்பட்டு ஒரே தாளை ஜெராக்ஸ் எடுத்தால் வீட்டில் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் "ஃபுல் ஹவுஸ்!" என்று கத்துவார்கள். எண் தெரியாத வாண்டுகளுக்கு நட்சத்திரம், ஒட்டகம், குடில், கேக் என்று படச்சீட்டு செய்யலாம். ஆனால் பத்துப் படத்தோடு நிறுத்தினாலும் இதே கதைதான், இருபத்துநான்காவது வேண்டும். கூப்பிட்ட எண்களைக் குறித்து வைக்காமல் ஆடுவதும், இருவர் ஒன்றாக ஜெயித்தால் என்ன என்று முன்பே பேசாததும் மாமாக்களுக்குள் சண்டையில் முடியும்.

நேரமும் முக்கியம். பிரியாணிக்கு அப்புறம் என்று தள்ளிப்போட்டால் பாதிப் பேர் தூங்குவார்கள், பெங்களூர் உறவுகள் கர்நாடக எல்லையிலுள்ள அத்திப்பள்ளி நெரிசலை நினைத்துக் காரை எடுத்துவிடுவார்கள். சாப்பாட்டுக்கு முன்பே முடியுங்கள்.

அப்புறம், அந்தச் சால்வையை ஃபுல் ஹவுஸ் பரிசாக வைக்கவே வேண்டாம். அது ஆறு வயதுப் பையனுக்குப் போனால் அவனுக்கும் சந்தோஷம் இல்லை, பின்னியவருக்கும் இல்லை. பாட்டிக்கு நேராகக் கொடுத்துவிடுங்கள். பரிசுக்குச் சாக்லேட் போதும்.