காம்பவுண்டுக்குள் தேங்கும் மழைநீர்: வடிகால் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐப்பசி பிறந்து நாலு மழை பெய்துவிட்டால் சென்னையில் மடிப்பாக்கம், வேளச்சேரி, முடிச்சூர் பக்கமெல்லாம் ஒரே விசாரிப்புதான்: "உங்க வீட்ல தண்ணி நிக்குதா?" அடுத்த வாரமே யாராவது ஒருவர் வீட்டில் பள்ளம் தோண்ட ஆள் வந்துவிடும். குழாய் இறங்கும், ஜல்லி இறங்கும், மேலே மண்ணை மூடிவிடுவார்கள். அடுத்த மழைக்கு அதே இடத்தில் அதே தண்ணீர் நிற்கும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நடந்தது. முதலில் போட்ட வடிகாலை மூன்றாம் வருடம் தோண்டி எடுத்துவிட்டு மறுபடியும் போட்டோம். அந்த வேலையில் கூடவே நின்று பார்த்துத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். உங்கள் பணமாவது மண்ணுக்குள் போகாமல் இருக்கட்டும்.

எவ்வளவு தண்ணீரைப் பற்றிப் பேசுகிறோம் என்று முதலில் பார்த்துவிடலாம். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர் தண்ணீர். ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி, அதாவது சுமார் 223 சதுர மீட்டர். 10 செ.மீ. மழை பெய்தால் அந்த ஒரு மனையில் மட்டும் 22,300 லிட்டர் விழுகிறது. 12,000 லிட்டர் தண்ணீர் லாரி இரண்டு உங்கள் கேட்டுக்குள் வந்து கொட்டிவிட்டுப் போனது போல. வடகிழக்குப் பருவமழையில் சென்னைக்கு ஒரே நாளில் 10 செ.மீ. என்பது அதிசயம் இல்லை. 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. கொட்டியது. அப்படிப்பட்ட மழைக்கு எந்த வீட்டு வடிகாலும் ஈடுகொடுக்காது. வருடா வருடம் வருகிற மழையைச் சமாளிப்பதைப் பற்றித்தான் இங்கே பேசுகிறேன்.

வேலையை எங்கே தொடங்குவது

ஏறக்குறைய எல்லோரும் தண்ணீர் நிற்கிற இடத்தில்தான் முதல் கடப்பாரையைப் போடுகிறார்கள். மற்ற தவறுகளெல்லாம் இந்த ஒன்றிலிருந்துதான் கிளைக்கின்றன. தண்ணீர் கடைசியில் எங்கே போய் விழப்போகிறது? அந்த இடத்தை முதலில் முடிவு செய்துவிட்டு, அங்கிருந்து பின்னோக்கி வீட்டை நோக்கி வர வேண்டும்.

போக்கிடம் மூன்றுதான். தெருவில் இருக்கும் மழைநீர் வடிகால், மனைக்குள்ளேயே உறிஞ்சுகுழி அல்லது கிணறு, இரண்டும் முடியாவிட்டால் ஒரு தொட்டியில் சேர்த்து மோட்டார் வைத்து வெளியேற்றுவது. தெரு வடிகாலில் விடப்போகிறீர்கள் என்றால், அதன் மேல் மூடியைப் பார்த்து ஆழத்தைக் கணக்குப் போடாதீர்கள். உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டு, மூடியைத் திறந்து அடித்தரை எவ்வளவு கீழே இருக்கிறது என்று அளக்க வேண்டும். எங்கள் முதல் குழாயின் வாய் அந்த அடித்தரையை விட நாலு இன்ச் கீழே போய் உட்கார்ந்திருந்தது. குழாய்க்குள் வருடம் முழுக்கத் தண்ணீர் நின்றது, வண்டல் படிந்தது, அடைத்துக்கொண்டது. குழாயில் எந்தக் குறையும் இல்லை. போய்ச் சேர வேண்டிய இடத்தை யாரும் அளக்காததுதான் குறை.

சாலை மட்டமும் இதில் சேர்ந்துகொள்கிறது. பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டுப் பல தெருக்களில் வீடுகள் பள்ளமாகிவிட்டன. பழைய தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும் என்று 2021-இல் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு அறிவுறுத்தினார். ஆனால் அதற்கு முன்பே உயர்ந்துவிட்ட தெருக்கள் உயர்ந்தபடியேதான் இருக்கின்றன. தெரு உங்கள் வாசலை விட உயரமாக இருந்தால், பெரிய மழையில் தெரு வடிகால் நிரம்பியதும் தண்ணீர் உங்கள் குழாய் வழியாகவே உள்ளே வரும். அப்படிப்பட்ட வீட்டில் கடைசி சேம்பரில் (குழாய்கள் வந்து சேரும், மூடி போட்ட சிறு தொட்டி) ஒருவழி வால்வு வைக்காமல் இணைப்பு கொடுப்பது, தெருத் தண்ணீருக்கு நாமே வழி வெட்டிக் கொடுப்பதுதான். வால்வு மூடிக்கொண்டால் உள்ளே சேரும் தண்ணீர் போக வழி இல்லை என்பதையும் மறக்கக் கூடாது. அந்த நேரத்துக்குத் தொட்டியும் மோட்டாரும் வேண்டும்.

இன்னொன்றைக் கண்டிப்பாகச் செய்யாதீர்கள்: மழைநீரைப் பாதாளச் சாக்கடை சேம்பரில் விடுவது. குழாய் பக்கத்திலேயே இருக்கிறது, சுலபமாக முடிந்துவிடும் என்று பலர் செய்கிறார்கள். இது விதிக்குப் புறம்பானது. அந்தக் குழாய்கள் கழிவுநீர் அளவுக்குத்தான் போடப்பட்டவை. ஒரு தெருவே மழைநீரை அதில் விட்டால் கழிவுநீர் எதிர்த்து வந்து, தெருவிலேயே தாழ்வாக இருக்கிற வீட்டின் கழிப்பறை வழியாகப் பொங்கும். அந்த வீட்டில் ஒரு வயதானவர் தனியாக இருக்கக்கூடும்.

வாட்டத்தைக் கண்ணால் பார்ப்பது

"வாட்டம் நல்லா இருக்கு சார், பார்த்தாலே தெரியுதே" என்றார் முதல் தடவை வந்த கொத்தனார். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. பின்பக்கச் சுவரிலிருந்து கேட்டை நோக்கி இறக்கமாக இருப்பது போலவே இருந்தது. இரண்டாம் தடவை வந்த மேஸ்திரி வாயே திறக்காமல் பையிலிருந்து ட்யூப் லெவலை எடுத்தார்.

ட்யூப் லெவல் என்பது உள்ளே இருப்பது தெரிகிற நீளமான ஒரு பிளாஸ்டிக் ட்யூப்தான், உள்ளே தண்ணீர். குமிழி இல்லாமல் நிரப்பி, ஒரு முனையைப் பின்பக்கச் சுவரிலும் மறு முனையைக் கேட் தூணிலும் பிடிக்க வேண்டும். தண்ணீர் ஆடி அடங்கியதும் இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் நிற்கும். அந்த மட்டத்தில் பென்சிலால் கோடு போட்டு, கோட்டிலிருந்து தரை வரை டேப்பால் அளந்தார். பின்பக்கம் 42 இன்ச், கேட்டில் 39 இன்ச். அதாவது கேட் பக்கம் மூன்று இன்ச் உயரம். இத்தனை வருடமும் எங்கள் தரை பின்னோக்கித்தான் சாய்ந்திருந்தது.

இதற்கு மேல் எளிய கணக்குதான். குழாய்க்கு நூற்றுக்கு ஒன்று வாட்டம் வேண்டும், அதாவது நூறு அடிக்கு ஓர் அடி இறக்கம். 40 அடி நீளத்துக்கு ஏறக்குறைய 5 இன்ச். பின்பக்கத்தில் குழாயின் அடி தரையிலிருந்து 12 இன்ச் ஆழத்தில் தொடங்கினால், கேட் வரும்போது 12, 3, 5 எல்லாம் சேர்ந்து 20 இன்ச் ஆழத்தில் இருக்கும். தெரு வடிகாலின் அடித்தரை அதற்கும் கீழே இருக்கிறதா? இருந்தால் தோண்டலாம். இல்லையென்றால் அந்த வழி உங்களுக்கு இல்லை. ஒரு பிடி மண் தோண்டும் முன்பே இது தெரிந்துவிடும்.

குழாயின் அளவைப் பற்றிப் பலர் பயப்படுகிறார்கள். சுத்தமான 4 இன்ச் குழாய், நூற்றுக்கு ஒன்று வாட்டத்தில், நொடிக்கு 6 லிட்டருக்குக் குறையாமல் தள்ளும். 100 சதுர மீட்டரில் மணிக்கு 5 செ.மீ. மழை பெய்தாலும் நொடிக்கு ஒன்றரை லிட்டர்கூட வராது. எனவே 6 இன்ச் வாங்குகிற காசை சேம்பர் கட்டச் செலவிடுங்கள். 2 இன்ச் குழாய் மட்டும் வேண்டவே வேண்டாம், நாலு இலை போதும் அடைக்க.

மண்ணைக் கேட்காமல் குழி வெட்டுவது

பெசன்ட் நகர், திருவான்மியூர் கடற்கரை மணலில் உறிஞ்சுகுழி அருமையாக வேலை செய்யும். அங்கே இருக்கிற உறவினர் சொன்னார் என்று வேளச்சேரிக் களிமண்ணில் அதையே வெட்டினால் கொசுவுக்குக் குளம் வெட்டியதாகத்தான் முடியும். ஓர் அடி அகலம், இரண்டடி ஆழத்துக்கு ஒரு குழி தோண்டித் தண்ணீர் ஊற்றுங்கள். அது முழுக்க இறங்கியதும் மறுபடி நிரப்பி, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு குறைகிறது என்று பாருங்கள். அரை இன்ச்கூடக் குறையவில்லை என்றால் உறிஞ்சுகுழியை நம்ப வேண்டாம். சித்திரை வெயிலில் ஒரே தடவை ஊற்றிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். காய்ந்து வெடித்த களிமண் முதல் குடத்தை மடக்கென்று குடித்துவிடும். கார்த்திகையில் அதே மண் ஒரு சொட்டு வாங்காது.

தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு 2003-இல் கட்டாயமானது. அப்போது போட்ட குழிகள் பல வீடுகளில் மணல் ஏறிச் செத்துக் கிடக்கின்றன. புதிதாக ஒன்றை வெட்டும் முன் அதைத் தூர் வாரிப் பாருங்கள், பாதி வேலை அதிலேயே முடியலாம். மாடித் தண்ணீரை வடிகட்டிக் கிணற்றில் விடலாம். தரையில் ஓடி வரும் சேற்றுத் தண்ணீரைக் குடிக்கிற கிணற்றில் விடவே கூடாது.

ஓட்டைக் குழாயில் நடக்கும் தப்புகள்

ஓட்டை போட்ட பிவிசி குழாயை ஜல்லிக்குள் புதைத்தால் தரை காய்ந்துவிடும் என்று வீடியோக்களில் காட்டுகிறார்கள். அது மண்ணுக்குள் ஊறி வரும் நீரை எடுப்பதற்கான ஏற்பாடு. நம் ஊர்க் களிமண்ணில் தண்ணீர் மேலே நிற்கிறது, கீழே இறங்குவதே இல்லை. குழாய்க்கு மேல் ஒரு சாண் களிமண்ணைப் போட்டு மூடினால், தண்ணீர் மேலேயும் குழாய் கீழேயும் ஒன்றையொன்று பார்க்காமலே கிடக்கும். களிமண்ணில் ஜல்லி தரை மட்டம் வரை வர வேண்டும், அல்லது மேலே கம்பி மூடி போட்ட திறந்த வாய்க்காலே கட்டிவிடலாம். என்னைக் கேட்டால் வாய்க்கால்தான். அடைத்தால் கண்ணுக்குத் தெரியும், கரண்டியால் அள்ளிப் போட்டுவிடலாம்.

ஓட்டைக் குழாய்தான் என்று முடிவு செய்தால் ஓட்டைகள் கீழ்ப்பக்கம் பார்த்திருக்க வேண்டும். மேலே இருந்தால்தானே தண்ணீர் உள்ளே விழும் என்று தோன்றும். ஆனால் பள்ளத்தில் தண்ணீர் அடியிலிருந்து நிரம்பி மேலே வருகிறது. ஓட்டை கீழே இருந்தால் மட்டம் கொஞ்சம் ஏறியதுமே குழாய்க்குள் புகுந்து ஓடிவிடும். மேலே இருந்தால் தண்ணீர் குழாயின் மேல்பக்கத்தைத் தொடும் வரை காத்திருக்க வேண்டும். ஜல்லி 20 மி.மீ., கழுவியது. எம்-சாண்டைக் கொட்டினால் ஓட்டை வழியே உள்ளே போய்விடும். ஜல்லியைச் சுற்றி ஜியோ டெக்ஸ்டைல் துணி (தண்ணீரை விட்டு மண்ணை நிறுத்தும் மக்காத துணி) போட வேண்டும். கோணி மக்கிப்போகும், பச்சை நிழல்வலை களிமண்ணை நிறுத்தாது. எங்கள் பழைய குழாயைத் தோண்டி எடுத்தபோது அதைச் சுற்றி இருந்தது அந்தப் பச்சை வலைதான். குழாயைச் சாய்த்தால் ஒரு சொட்டு வரவில்லை. அறுத்துப் பார்த்தோம், உள்ளே புட்டுக்குழல் மாதிரி இறுகிப்போன களிமண்.

அப்புறம், மாடியிலிருந்து வரும் குழாயை இந்த ஓட்டைக் குழாயில் சேர்க்காதீர்கள். மாடித் தண்ணீர் ஓட்டை வழியே வெளியேறி அஸ்திவாரத்தை ஒட்டிய மண்ணில் ஊறும். அதற்கு ஓட்டை இல்லாத தனிக் குழாய், கடைசி சேம்பர் வரை தனியாகவே போக வேண்டும்.

மண் கொட்டி உயர்த்துவது

வடிகால் செலவுக்குப் பதிலாக நாலு லோடு கிராவல் அடித்துவிடலாம் என்று தோன்றும். பேஸ்மென்ட் மட்டத்துக்குக் கீழே குறைந்தது அரை அடியாவது விட்டால் சரி. அதற்கு மேல் போனால் சுவரில் ஓதம் ஏறும், பெயிண்ட் உரியும், கரையானுக்கும் வழி கிடைக்கும். நம் தண்ணீர் பக்கத்து வீட்டுக்குள் போகும் என்பது அதைவிட முக்கியம். உயர்த்தியே ஆக வேண்டும் என்றால் பக்கத்து வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே பேசி, தண்ணீரைத் தெருப்பக்கம் திருப்பிவிட்டுச் செய்யுங்கள்.

சின்ன விஷயங்கள் சில. திருப்பங்களில் ஒரே 90 டிகிரி எல்போவாகப் போடாமல் இரண்டு 45 டிகிரி வளைவு போடுங்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் சேம்பர் வேண்டும். சேம்பரின் தரை குழாயை விட அரை அடி கீழே இருந்தால் மண் அங்கே தங்கும், புரட்டாசியில் ஒரு தடவை அள்ளிவிடலாம். அந்த அரை அடியில் தண்ணீரும் நிற்கும், டெங்குக் கொசு வளர ஒரு வாரமோ பத்து நாளோ போதும், எனவே மூடியின் கீழே கொசுவலை கட்டாயம். மோட்டார் வைத்தால், பெரிய மழையில் கரண்ட் நிறுத்திவிடுவார்கள் என்பதை எண்ணி இன்வெர்ட்டரிலோ டீசலிலோ ஓடுமாறு பாருங்கள். அந்த இணைப்புக்கு ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் கரண்டைத் தானே துண்டிக்கும் ஸ்விட்ச்) போடாமல் விடவே விடாதீர்கள். முழங்கால் தண்ணீரில் மெயினை அணைக்காமல் மோட்டாரைத் தொடப்போய் உயிர் போவது ஒவ்வொரு மழைக்கும் கேட்கிற செய்தியாக இருக்கிறது.

பள்ளத்தை மூடும் அவசரம்தான் கடைசித் தவறு. ஆட்கள் சாயங்காலம் கிளம்புவதற்குள் முடிக்கப் பார்ப்பார்கள். விடாதீர்கள். மேல் முனையில் ஒரு வாளித் தண்ணீரில் மஞ்சள் தூளைக் கலந்து ஊற்றி, பின்னாலேயே ஒரு டிரம் தண்ணீரைத் திறந்துவிடுங்கள். கடைசி சேம்பரில் மஞ்சள் வந்து, பிறகு தெளிய வேண்டும். மஞ்சள் நடுவிலேயே நின்றுவிட்டால் அங்கே குழாய் தொய்ந்திருக்கிறது என்று அர்த்தம், அடியில் ஜல்லி வைத்துத் தூக்கச் சொல்லுங்கள். சரியாக வந்ததும், சுவரிலிருந்து டேப்பைப் பிடித்து, குழாயும் எண்ணும் தெரிகிற மாதிரி ஒவ்வொரு பத்தடிக்கும் ஒரு போட்டோ எடுத்துவிட்டு மூடச் சொல்லுங்கள். நாளைக்குக் கொய்யாக் கன்று நடக் குழி தோண்டும்போது அந்தப் போட்டோவைத்தான் தேடுவீர்கள்.