அலுமினிய வெல்டிங்கில் அதிர்வு: கோலமாவு காட்டிக்கொடுத்த தப்பு

6061-டி6 (சூட்டுப் பதம் கொடுத்துப் பலமாக்கிய அலுமினியக் கலவை) தகட்டை டிக்கில் (டங்ஸ்டன் முனையில் ஆர்க் எழுப்பும் வெல்டிங்) ஒட்டி, குறுக்கே அறுத்துப் பார்த்தால் ஊசி குத்தினாற்போல ஓட்டைகள். எல்லாம் ஹைட்ரஜன் வேலை. உருகியபோது இழுத்த வாயுவை அலுமினியம் உறையும்போது வெளியே தள்ளும். தப்பிக்க முடியாதது உள்ளே மாட்டிக்கொள்ளும். அந்த நேரத்தில் தகடு அதிர்ந்தால் குமிழ்கள் மேலேறும். கிளைவிட்டு வளரும் படிகங்களும் முறிந்து பொடிசாகும், சூட்டு விரிசல் குறையும்.

டிக் பிடிக்கத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

1. 3 மி.மீ. தகடு, 4043 ஃபில்லர் (இணைப்பில் உருக்கிச் சேர்க்கும் கம்பி), சுத்த ஆர்கான், ஏ.சி. முதலில் அசிட்டோன், பிறகுதான் ஸ்டெயின்லெஸ் பிரஷ். மாற்றிச் செய்தால் எண்ணெயைத் தகட்டுக்குள் தேய்த்துவிடுவீர்கள்.

2. மேசைக்கு அடியில் மூன்று ஃபேஸ் வைப்ரேட்டர் மோட்டார். வேகத்தை மாற்ற வி.எஃப்.டி. (மின்சாரத்தின் அதிர்வெண்ணை மாற்றும் கருவி) வாங்குங்கள், ஃபேன் ரெகுலேட்டரோடு மல்லுக்கட்ட வேண்டாம். நிமிடத்துக்கு 3000 சுற்று என்றால் நொடிக்கு 50 அதிர்வு.

3. நான் வழுக்கி விழுந்த இடம் இது. ஒரே செட்டிங், ஒரு வெல்டு பளிச், அடுத்தது ஓட்டை. வெறுத்துப்போய், அதே அளவு வேஸ்ட் தகட்டைக் கிளாம்ப் செய்து கோலமாவைத் தூவி மோட்டாரை ஓடவிட்டேன். மாவு துள்ளித் துள்ளிப் போய்ச் சில கோடுகளில் மட்டும் சேர்ந்து நின்றது. அந்தக் கோடுகளில் அசைவே இல்லை. என் ஜாயின்ட் சரியாக ஒரு கோட்டின் மேலேயே இருந்திருக்கிறது! கோடு விலகும்வரை வேகத்தையோ மோட்டார் இருக்கும் இடத்தையோ மாற்றுங்கள். வெல்டு அடிக்கும் முன் மாவை ஒரு துளி விடாமல் துடையுங்கள்.

4. இரண்டு தகடும் ஒரே ஃபிக்ஸரில் (பிடித்து வைக்கும் சட்டம்) இருக்கட்டும். டேக் (முதலில் அங்கங்கே வைக்கும் சின்ன வெல்டு) போடும்போது மோட்டார் ஆஃப். பிறகு ஆன் செய்து, கடைசிக் குழி நிரம்பி உறையும்வரை ஓடட்டும். ஆட்டம் அதிகமானால் டங்ஸ்டன் உருகலில் முங்கும்; அப்புறம் முனையைத் தீட்ட கிரைண்டரிடம்தான் போக வேண்டும்.

ஒன்று மட்டும் நடக்காது: வெல்டுக்குப் பக்கத்தில் சூட்டால் டி6 இழந்த பலம் அதிர்வால் திரும்பாது. அதற்கு ஹீட் ட்ரீட்மென்ட்தான்.

பின்சேர்க்கை: ஆர்க் விட்டுவிட்டு வருகிறது என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். அதிர்வில் எர்த் கிளாம்ப் தளர்ந்திருக்கும். கேபிள் நுனியில் லக் (ஓட்டை உள்ள உலோக முனை) போட்டு போல்ட்டால் முடுக்குங்கள். இன்னொருவர் அசிட்டோனுக்குப் பதிலாக பிரேக் கிளீனரில் துடைக்கிறாராம். ஐயா, வேண்டவே வேண்டாம்! குளோரின் கலந்த வகையாக இருந்தால் ஆர்க் பட்டதும் பாஸ்ஜீன் வரும், அது விஷவாயு.