ஆண்குறி இம்பிளாண்ட் வடிவமைப்பு: விறைப்பைவிடத் தளர்வுதான் சிரமம்

விறைப்புக் குறைபாட்டுக்கு மாத்திரை, ஊசி, வெற்றிடப் பம்பு எதுவும் பலிக்காதவருக்குத்தான் குறிக்குள் இம்பிளாண்ட் என்ற கருவியைப் பொருத்துவார்கள். அதற்காகக் குறியின் பஞ்சுத்திசுவைக் குடைந்து இடம் பண்ண வேண்டியிருப்பதால், பிறகு கருவியை எடுத்துவிட்டாலும் பழைய நிலை திரும்பாது. பழுதானால் மறு அறுவைதான். அதில் கிருமித்தொற்று வாய்ப்பு முதல் முறையைவிட அதிகம். எனவே ஒவ்வொரு பாகத்தையும் 'இது எப்படிக் கெடும்?' என்று கேட்டபடியே வரையுங்கள்.

வளைத்து நிமிர்த்தும் கம்பி வகையில் பாகங்கள் குறைவு. 9.5, 11, 13 மி.மீ. விட்டங்களில் கிடைக்கிறது. ஆனால் அது எந்நேரமும் விறைப்பாக இருந்து திசுவை அழுத்துகிறது. தண்டுவடக் காயத்தால் உணர்வு இழந்தவருக்கு, தெரியாமலே தோலை அரித்து வெளிவரலாம். கைவிரல் வலுவில்லாதவருக்கு இது போதும். மற்றவர்களுக்கு, 1973இல் ஹூஸ்டனில் சிறுநீரியல் மருத்துவர் ஸ்காட்டின் குழுவினர் அறிமுகப்படுத்திய நீரழுத்த வகையே மேல். இன்றைய வடிவில் அதற்கு மூன்று பாகங்கள்: குறிக்குள் இரண்டு சிலிண்டர்கள், விதைப்பையில் பம்பு, அடிவயிற்றில் நீர்ப்பை. பம்பை அழுத்தினால் பையிலுள்ள நீர் சிலிண்டர்களுக்குப் போய் அவற்றை விறைக்க வைக்கும்.

முதலில் சிலிண்டர். மடங்காமல் தாங்க வேண்டிய நேர்ச்சுமைக்கு ஒன்று முதல் ஒன்றரை கிலோ வரை இலக்கு வையுங்கள். காற்றோ நீரோ நிரப்பிய மெல்லிய குழாயில் சுருக்கம் விழத் தொடங்கும் வளைவுத் திருப்பம் (வளைக்கும் விசையின் அளவு) சுமார் πPr³/2; இதில் P உள் அழுத்தம், r ஆரம். அழுத்தத்தை 10 சதவீதம் கூட்டினால் வலு 10 சதவீதம்தான் கூடும். ஆரத்தை அதே அளவு கூட்டினால் 33 சதவீதம் கூடும். ஆகவே அழுத்தத்தைத் துரத்தாதீர்கள், உடற்கூறு இடம் தரும் வரை விட்டத்தைக் கூட்டுங்கள். தளர்ந்தபோது 12, நிரம்பியபோது 18 மி.மீ. என்பது நல்ல தொடக்கம்.

சிலிகோன் மட்டும் இருந்தால், சைக்கிள் டியூப் போல மெலிந்த இடத்தில் புடைத்துவிடும். ஆரம்பகாலச் சிலிண்டர்களில் இதுதான் நடந்தது. இரு சிலிகோன் அடுக்குகளுக்கு நடுவே நெய்த துணி வைத்தால் விட்டம் 18இல் நின்றுவிடும். 100 கிலோபாஸ்கல் அழுத்தத்தில், 9 மி.மீ. ஆரத்தில், சுற்றுவாக்கில் ஒவ்வொரு மி.மீ. அகலத்துக்கும் 0.9 நியூட்டன் இழுவிசை விழும். நீளவாக்கில் அதில் பாதி. நெசவை அதற்கேற்பத் தேர்ந்தெடுங்கள். ஆனால் துணி புதுத் தலைவலியையும் கொண்டுவரும். தளர்ந்த சிலிண்டர் தினமும் மடியும், மடிப்பில் துணி சிலிகோனை உரசித் துளைக்கும். அடுக்குகளின் பரப்பில் மெல்லிய பாரிலீன் பூச்சு கொடுத்தால் உராய்வு குறையும். இல்லையென்றால் தேய்மானம் தாங்கும் பாலியூரித்தேன் ஒற்றை அடுக்குக்குப் போகலாம். அது சிலிகோன் அளவுக்கு நீளாது.

அடுத்து நீரின் கணக்கு. 18 செ.மீ. நீளச் சிலிண்டர் 12இலிருந்து 18 மி.மீ. ஆக ஏறக்குறைய 25 மி.லி. வேண்டும், இரண்டுக்கும் 51. அதனால் 65 மி.லி. நீர்ப்பை போதும். பம்புக் குமிழ் ஓர் அழுத்தத்துக்கு 4 மி.லி. தள்ளினால் 13 முறை பிடிக்க வேண்டும். குமிழைப் பெரிதாக்கலாமே என்று தோன்றும். ஆனால் விரல் படும் பரப்பு 2 சதுர செ.மீ. என்றால், அழுத்தம் 100 கிலோபாஸ்கலை எட்டும் கடைசி அமுக்கத்துக்கே 20 நியூட்டன் வேண்டும். பரப்பு கூடினால் விசையும் கூடும். மூட்டுவாதக் கைகளை நினைத்துக் குமிழைச் சிறிதாகவே வையுங்கள். தளர்த்தும் பொத்தான் தொட்டாலே அடையாளம் தெரிய வேண்டும், அதன் வடிவம் குமிழிலிருந்து வேறுபடட்டும்.

தானாக விறைப்பது இக்கருவியின் பழைய நோய். நீர்ப்பையைச் சுற்றி வடுத்திசு உறை போட்டுக்கொள்ளும். அப்போது பை பாதி காலியாக இருந்தால் உறையும் சிறியதாகிவிடும். பிறகு பை முழுதாக நிரம்ப முடியாமல் நீர் சிலிண்டருக்கே திரும்பும். இருமல் அழுத்தமும் சேரும். அது 100 மி.மீ. பாதரசத்தைத் தாண்டலாம். பை வாயிலில் ஒரு பூட்டு வால்வு வையுங்கள்: பம்பு உறிஞ்சினால் திறக்க வேண்டும், வயிறு அழுத்தினால் இன்னும் இறுக வேண்டும். அறுவைப் புண் ஆறிவரும் வாரங்களில் சிலிண்டர் தளர்ந்து பை நிரம்பியிருக்க வேண்டும் என்பதைக் கையேட்டில் தடித்த எழுத்தில் போடுங்கள்.

நிரப்ப 0.9 சதவீத உப்புநீர்தான். சிலிகோன் வழியே நீராவி ஊடுருவும் என்பதால், உப்பின் அடர்த்தி கூடினால் மெல்ல நீர் உள்ளே வந்து அழுத்தம் ஏறும். குறைந்தால் நீர் வெளியேறும். கசிவு பெரும்பாலும் குழாய் சிலிண்டரை விட்டு வெளிவரும் இடத்தில் தொடங்கும், அங்கே வளைவைப் பரப்பித் தாங்கும் உறை கட்டாயம்.

பரப்பில் ஒட்டும் ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமிப்படலத்துக்கு எதிராக ரிஃபாம்பின், மினோசைக்ளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளின் பூச்சு 2001 முதல் இருக்கிறது. பூச்சைத் தேர்ந்த பிறகே கிருமிநீக்க முறையை முடிவு செய்யுங்கள். காமா கதிர் சிலிகோனைக் கடினமாக்கும். எத்திலீன் ஆக்சைடு வாயு என்றால் கருவியில் எஞ்சும் வாயு, அதற்கான சர்வதேசத் தரநிலையான ஐ.எஸ்.ஓ. 10993-7 வரம்புக்குள் வர வேண்டும்.

சோதனைக்கு வாரம் 3 முறை, 15 ஆண்டு என்று வைத்தால் 2,340 சுற்று. மூன்று மடங்கு பாதுகாப்புக்கு 7,000 ஓட்டுங்கள், 37 டிகிரி உப்புநீரில், நிரம்பிய நிலையில் வளைத்தும் தளர்ந்த நிலையில் மடித்தும். இலக்கைத் தொட்டதும் நிறுத்திவிடாமல் உடையும் வரை ஓட்டுங்கள். அமெரிக்காவில் நீரழுத்த வகை, அதிக ஆபத்துள்ளவை சேரும் மூன்றாம் வகுப்புக் கருவி. மதிப்பீட்டாளர் முதலில் கேட்பது, எந்த மாதிரி எந்த இடத்தில், எத்தனையாவது சுற்றில் கிழிந்தது என்பதைத்தான்.