இலங்கை மருமகளுக்கு இந்தியாவில் தங்கும் உரிமை: படிப்படியான விளக்கம்

தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான் என்றாலும், அங்கிருந்து பாம்பனுக்கோ தங்கச்சிமடத்துக்கோ வாழ்க்கைப்பட்டு வரும் பெண் சட்டப்படி வெளிநாட்டவரே. தாலி ஏறியதால் மட்டும் அவருக்குக் குடியுரிமை வந்துவிடாது. வெளிநாட்டுப் பெண்ணை மணந்து இங்கேயே குடித்தனம் நடத்த விரும்புவோர் செய்ய வேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறேன். மணமகன் வெளிநாட்டவராக இருந்தாலும் நடைமுறை இதுவே.

முதற்படி: பெயர்களை ஒப்பிடுங்கள்

மண்டபம் பிடிப்பதற்கு முன் இருவரின் பாஸ்போர்ட்டையும் பிறப்புச் சான்றிதழையும் அருகருகே வைத்து எழுத்துக்கு எழுத்து பாருங்கள். என் சித்தி மகனுக்கு மன்னாரில் பெண் எடுத்தபோது, பெண்ணின் தகப்பனார் பெயர் பாஸ்போர்ட்டில் முன்னாலும் சான்றிதழில் பின்னாலும் இருந்தது. போதாததற்கு ஒன்றில் ‘எச்’ எழுத்து கூடுதல். அதைத் திருத்தி வாங்குவதற்குள் இரண்டு முகூர்த்தங்கள் கைநழுவின.

இரண்டாம் படி: திருமணத்தைப் பதியுங்கள்

1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தின்படி, இருவரில் ஒருவராவது குறைந்தது 30 நாட்கள் வசித்த மாவட்டத்தின் திருமண அலுவலரிடம் அறிவிப்புக் கொடுக்க வேண்டும்; மாப்பிள்ளை உள்ளூர்க்காரர் என்றால் இது நிறைவேறிவிடும். அறிவிப்பு வெளியாகி 30 நாட்கள் கழிந்து, ஆட்சேபம் ஏதும் இல்லையென்றால், மூன்று சாட்சிகளுடன் திருமணம் நடக்கும். அறிவிப்புக் கொடுத்து மூன்று மாதங்களுக்குள் நடக்காவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பலர் தவறுவது இந்தக் கணக்கில்தான். பெண் ஜூன் 1 அன்று 30 நாள் சுற்றுலா விசாவில் வந்து, 3-ஆம் தேதி அறிவிப்பு வெளியானால், ஜூலை 3 வரை காத்திருக்க வேண்டும். விசாவோ ஜூன் மாதத்தோடு முடிந்துவிடும். ஆகவே நீண்ட கால விசாவில் வருவதே நல்லது.

கீழக்கரையிலும் தொண்டியிலும் ஜமாத் பதிவேட்டில் நிக்காஹ் எழுதியதோடு சிலர் இருந்துவிடுகிறார்கள். தமிழ்நாட்டின் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி எந்த மத முறையில் நடந்த திருமணமானாலும் 90 நாட்களுக்குள் அரசிடம் பதிய வேண்டும். விசா அலுவலகம் கேட்பதும் அந்தச் சான்றிதழைத்தான்.

மூன்றாம் படி: விசா

இந்தியரின் மனைவிக்கோ கணவருக்கோ உரியது எக்ஸ்-2 எனப்படும் நுழைவு விசா. 180 நாட்களுக்கு மேற்பட்ட விசாவில் வருபவர், வந்த 14 நாட்களுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தின் இணையத்தளத்தில் பதிவு செய்ய வேண்டும். அவரை வீட்டில் தங்கவைத்தவர்கள் அந்தத் தகவலை 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது நம் பக்கத்தில் பலருக்கும் தெரியாது.

நான்காம் படி: ஓசிஐ (வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன்) அட்டை

திருமணம் பதிவாகி, விண்ணப்பத்துக்கு முன் தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் நிலைத்திருந்தால் இதைக் கேட்கலாம். பதிவைத் தள்ளிப்போட வேண்டாம் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். ஆயுள் முழுவதும் வந்துபோகும் உரிமை கிடைக்கும்; வாக்குரிமை கிடையாது, விவசாய நிலமும் வாங்க முடியாது. விவாகரத்தானால் அட்டை ரத்தாகலாம். விண்ணப்பிப்பவரோ, அவருடைய பெற்றோர், பாட்டன் பாட்டியரோ பாகிஸ்தான் அல்லது வங்கதேசக் குடிமக்களாக இருந்திருந்தால் இந்த வழி இல்லை. இலங்கையருக்கு அந்தத் தடை இல்லை.

ஐந்தாம் படி: குடியுரிமை

1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 5(1)(சி) பிரிவின்படி, ஏழு ஆண்டுகள் இங்கே வசித்தவர் விண்ணப்பிக்கலாம். அதில் விண்ணப்பத்துக்கு முந்தைய 12 மாதங்கள் முழுவதும் இந்தியாவில் இருந்திருக்க வேண்டும். அதற்கும் முந்தைய எட்டு ஆண்டுகளில் மொத்தம் ஆறு ஆண்டுகளேனும் வசித்திருக்க வேண்டும். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகும் மாதங்கள் இந்தக் கணக்கில் குறையும் என்பதால், ஒவ்வொரு பயணத்தின் முத்திரையையும் நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பாஸ்போர்ட்டும் விசாவும் இன்றிப் படகில் வந்து மண்டபம் அகதிகள் முகாமில் பதிந்திருப்போரின் நிலை வேறு. மேற்சொன்ன வரிசை அவர்களுக்குப் பொருந்தாது, வழக்கறிஞரைப் பார்ப்பதே முறை.

குழந்தைக்காக ஒரு எச்சரிக்கையும் உண்டு. 2004 டிசம்பர் 3 முதல், பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருந்தாலும், மற்றவர் சட்டவிரோதமாகக் குடியேறியவராக இருந்தால் இங்கே பிறக்கும் குழந்தைக்குப் பிறப்பால் குடியுரிமை கிடையாது. விசாக் காலம் கடந்து தங்கியவரும் அந்தக் கணக்கில் சேர்வார். எனவே விசா முடிவதற்குள் நீட்டிப்புக்கு விண்ணப்பித்துவிடுங்கள்.